பழைய மகிழுந்துகளின் முகப்பு விளக்கும் ரிலேயும்

அம்பாசிடர், பிரீமியர் பத்மினி, ஸ்டாண்டர்டு ஹெரால்டு போன்ற பழைய மகிழுந்துகளை இன்றும் வைத்து ஓட்டுபவர்கள் தம் வண்டியில் செய்துகொள்ளும் மாற்றங்களுள் மிகவும் பயனுள்ளது, முகப்பு விளக்குகளுக்கு ரிலே வழியாக மின்சாரம் கொடுப்பது. விளக்கு மங்கினால் பல்பைக் குறை சொல்வது வழக்கம். பெரும்பாலும் குற்றம் பல்பில் இல்லை. பேட்டரியிலிருந்து பல்புக்கு மின்சாரம் போகும் நீண்ட வழியில் இருக்கிறது. தூத்துக்குடி போன்று உப்புக் காற்று வீசும் ஊர்களில் இந்தக் குற்றம் விரைவில் தலைகாட்டும். தந்திக்காக உண்டான ஒரு சிறு கருவி, நூறாண்டுகளுக்கு மேல் கழித்து இந்தக் கடற்கரையில் ஓடும் காருக்கு எப்படிப் பயன்பட்டது என்பதை இக்கட்டுரை சொல்கிறது.

கார்பைடு விளக்கிலிருந்து மின்விளக்குக்கு

தொடக்ககால மோட்டார் வண்டிகளில் எண்ணெய் விளக்கும், பின்னர் கார்பைடு விளக்கும் இருந்தன. கால்சியம் கார்பைடின்மேல் தண்ணீர் சொட்டச் சொட்ட அசிட்டிலீன் வாயு உண்டாகி எரியும். திருவிழாக் கடைகளில் எரிந்த கார்பைடு விளக்கின் வாடையை என் வயதுக்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். காரின் முகப்பில் எரிந்ததும் அதே வாயுதான். 1912-ல் அமெரிக்காவின் கேடிலாக் நிறுவனம் மின்சார ஸ்டார்ட்டரோடு மின்விளக்கையும் கொடுத்தது. 1913-ல் ஜெர்மனியின் போஷ் நிறுவனம் டைனமோ, ரெகுலேட்டர், முகப்பு விளக்கு ஆகியவற்றை ஒரே தொகுதியாக விற்கத் தொடங்கியது. இங்கிலாந்துக் கார்களுக்கு விளக்கும் டைனமோவும் பெரும்பாலும் பர்மிங்காம் லூகாஸ் நிறுவனத்திலிருந்து வந்தன.

நம் நாட்டுக்கு இந்த ஏற்பாடு மோரிஸ் வண்டிகளோடு வந்தது. இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்போர்டு மூன்றாம் வரிசைக் காரை அடிப்படையாகக் கொண்டு இந்துஸ்தான் மோட்டார்ஸ், 1950-களின் பிற்பகுதியில் மேற்கு வங்கத்தின் உத்தர்பாடாவில் அம்பாசிடரைத் தயாரித்தது. உற்பத்தி 2014 வரை நடந்தது. மின்கருவிகளும் இங்கேயே செய்யப்பட வேண்டும் என்ற நிலை வந்தபோது, 1961-ல் சென்னை பாடியில் லூகாஸ்-டிவிஎஸ் பிறந்தது. அதன் இந்தியப் பங்காளியான டி.வி.எஸ். குழுமத்தை நிறுவிய டி.வி. சுந்தரம் அய்யங்கார், 1877-ல் திருக்குறுங்குடியில் பிறந்தவர். அன்று அது தூத்துக்குடியை உள்ளடக்கிய பழைய திருநெல்வேலி மாவட்டம். தூத்துக்குடி தனி மாவட்டமானது 1986-ல்தான்.

வெளிச்சம் எங்கே போகிறது?

அம்பாசிடரின் பேட்டரி பானெட்டுக்குள் இருக்கிறது. விளக்கும் அதற்கு முன்னால் ஓரிரு முழத் தொலைவில்தான். ஆனால் மின்சாரம் நேராகப் போவதில்லை. பேட்டரியிலிருந்து ரெகுலேட்டர் பெட்டிக்கு வந்து, அங்கிருந்து டேஷ்போர்டில் உள்ள விளக்குச் சுவிட்சுக்குப் போய், பிறகு கால்மாட்டில் இருக்கும் டிம்-பிரைட் சுவிட்சைத் தொட்டுவிட்டு, மறுபடியும் முன்பக்கம் திரும்பிப் பல்பை அடைகிறது. இடது காலால் மிதித்து டிம் அடிக்கும் அந்தச் சுவிட்சைப் பழைய ஓட்டுநர்கள் நன்கு அறிவார்கள். மழைக்கால ஈரமும் செருப்பு மண்ணும் முதலில் போய்ச் சேரும் இடமும் அதுவே. இத்தனைக்கும் பிறகு மின்சாரம் மட்கார்டுத் தகட்டின் வழியாக, அதாவது எர்த் வழியாக, பேட்டரிக்குத் திரும்ப வேண்டும்.

பத்தாம் வகுப்பில் படிக்கும் ஓம் விதியை இங்கே போட்டுப் பார்க்கலாம். கம்பி, சுவிட்சுகள், இணைப்புகள் எல்லாம் சேர்ந்த தடை 0.15 ஓம் என்று வைத்துக்கொள்வோம். கையில் எடுத்துப் பார்த்தால் ஒன்றுமே இல்லாத அளவு. 12 வோல்ட்டில் இரண்டு 45 வாட் பல்புகள் எரிய 7.5 ஆம்பியர் வேண்டும். வழியில் ஏறத்தாழ 1.1 வோல்ட் இழப்பு. இரண்டு 60 வாட் பல்புகளுக்கு 10 ஆம்பியர், 1.5 வோல்ட் இழப்பு. இன்ஜின் ஓடும்போது பேட்டரி முனையில் 13.5 வோல்ட் இருந்தால் பல்புக்குக் கிடைப்பது 12 வோல்ட் மட்டுமே.

ஒன்றரை வோல்ட்தானே என்று தோன்றும். இழை விளக்கின் ஒளி மின்னழுத்தத்துக்கு நேர்விகிதத்தில் குறைவதில்லை. ஏறத்தாழ அதன் 3.4 மடிப் படியில் குறைகிறது. 13.5-லிருந்து 12-க்கு இறங்கினால் வெளிச்சம் மூன்றில் இரண்டு பங்காகிவிடும். 11-க்கு இறங்கினால் பாதிதான். வெண்மையாக எரிய வேண்டிய பல்பு மஞ்சளாக எரிவது இதனால்தான்.

உப்பின் வேலை

தூத்துக்குடிக்கு இங்கே தனி இடம் உண்டு. முத்துக்குளித்தலுக்குப் பெயர் பெற்ற இக்கரை இன்று உப்புக்கே பெயர் பெற்றது. இந்தியாவில் குஜராத்துக்கு அடுத்தபடியாக உப்பு விளைவது தமிழ்நாட்டில், அதிலும் பெரும்பகுதி தூத்துக்குடியில். பாத்திகளில் விளையும் கல்லுப்பில் மக்னீசியம் குளோரைடு கலந்திருக்கும். அது காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும். ஜாடியில் உப்பு நசநசத்துப் போவதற்கும் அதுவே காரணம். அதே உப்புப் படலம் பித்தளை இணைப்பிலும் செம்புக் கம்பியின் நுனியிலும் படிந்தால் பச்சை பூத்துவிடும். பச்சை பூத்த இணைப்பு மின்சாரத்தைத் தடுக்கும். தடுத்த இடம் சூடேறும். சூடேறினால் இன்னும் கெடும். மட்கார்டில் எர்த் திருகு பதியும் இடத்தில் துரு ஏறிவிட்டால், ஒரு பக்க விளக்கு மட்டும் மங்கி நிற்பதைக் காணலாம்.

தூத்துக்குடியிலிருந்து முள்ளக்காடு, பழையகாயல், ஆறுமுகநேரி வழியாகத் திருச்செந்தூர் போகும் சாலையை நினைத்துப் பாருங்கள். தைப்பூசம், வைகாசி விசாகம், கந்தசஷ்டி நாட்களில் பாதயாத்திரை போகிறவர்கள் வெயிலுக்கு அஞ்சி இரவில்தான் நடப்பார்கள். 60 கிலோமீட்டர் வேகத்தில் போகும் கார் ஒரு நொடியில் ஏறத்தாழ 17 மீட்டர் கடக்கிறது. ஆள் நடப்பதைக் கண்டு, கால் பிரேக்குக்குப் போக ஒன்றரை நொடி ஆனால் 25 மீட்டர் போய்விட்டது. பழைய டிரம் பிரேக் பிடித்து நிற்பது அதற்குப் பிறகு. பாதி வெளிச்சத்தில் போகும் காருக்கு முன்னால் நடப்பவருக்கு இந்தக் கணக்கு உயிர்க்கணக்கு.

தந்தியிலிருந்து வந்த கருவி

ரிலே என்பது மின்காந்தத்தால் இயங்கும் ஒரு சுவிட்சு. சிறு மின்னோட்டம் ஒரு கம்பிச் சுருளில் பாய்ந்து அதைக் காந்தமாக்க, அந்தக் காந்தம் ஓர் இரும்புத் தகட்டை இழுக்க, அந்தத் தகடு பெரிய மின்னோட்டத்துக்கு வழி திறந்துவிடும். மின்சார மணியைப் பிரித்துப் பார்த்த மாணவருக்கு இது புதிதல்ல.

1830-களில் அமெரிக்க இயற்பியலாளர் ஜோசப் ஹென்றி இந்த உத்தியைச் செய்து காட்டினார். 1844-ல் வாஷிங்டனுக்கும் பால்டிமோருக்கும் இடையே மோர்ஸ் தந்தி ஓடியது. தொலைவு கூடக் கூடக் கம்பியில் மின்னோட்டம் நலிந்துவிடும். நலிந்த மின்னோட்டம் ஒரு ரிலேயை மட்டும் இயக்கினால் போதும், அடுத்த பேட்டரியின் புதிய மின்னோட்டம் செய்தியை எடுத்துக்கொண்டு ஓடும். களைத்த குதிரையை மாற்றிப் புதுக் குதிரை பூட்டுவதற்கு வழங்கிய சொல்லே கருவிக்கும் பெயரானது. பள்ளி விளையாட்டு விழாவில் கட்டையை மாற்றிக் கொடுத்து ஓடும் தொடர் ஓட்டத்தின் ஆங்கிலப் பெயரும் அதே சொல்தான். இந்தியாவில் ஓஷாக்னசி 1839-ல் கல்கத்தாவுக்கருகே தந்திச் சோதனை செய்தார். முதல் தந்தித் தடம் 1851-ல் கல்கத்தாவிலிருந்து டயமண்ட் துறைமுகத்துக்குப் போடப்பட்டது.

தந்தியில் தொலைவு செய்த வேலையைக் காரில் சுவிட்சும் இணைப்பும் செய்கின்றன. வேடிக்கை என்னவென்றால், டைனமோ கட்டிய பழைய கார்களில் இத்தகைய கருவி முன்பே இருந்தது. டைனமோ போதிய மின்சாரம் தராதபோது பேட்டரியிலிருந்து மின்சாரம் திரும்பிப் பாயாமல் துண்டிக்கும் 'கட்-அவுட்' ஒரு ரிலேதான். ஹாரனுக்கும் சில வண்டிகளில் லூகாஸ் ரிலே வைத்தது. விளக்குக்கு மட்டும் வைக்கவில்லை. பல்புகள் 40, 45 வாட் அளவில் இருந்ததும், செலவைக் குறைக்கும் எண்ணமும் காரணமாக இருக்கலாம். லூகாஸை 'இருளின் இளவரசன்' என்று இங்கிலாந்துக்காரர்களே கேலி செய்வதுண்டு. என் கருத்தில் அந்தக் கேலியில் பாதி நியாயமற்றது. ஐம்பதாண்டு ஈரம் தின்ற இணைப்புக்குச் செய்தவன் என்ன செய்வான்?

100 வாட் பல்பின் காலம்

1962-ல் ஐரோப்பாவில் ஹாலஜன் பல்பு கார்களுக்கு வந்தது. ஒரே பல்பில் டிம், பிரைட் இரண்டும் கொண்ட ஹெச்-4 வகை 1971-ல் வந்தது. அதன் அளவு 60/55 வாட். அம்பாசிடரின் விளக்கு 7 அங்குல வட்டம். உலகெங்கும் வழங்கிய அளவு என்பதால் ஹெச்-4 பல்புக்கேற்ற கண்ணாடி விளக்கு அதில் அப்படியே உட்கார்ந்தது. அத்தோடு நின்றிருந்தால் நல்லது. சாலை விதிகள் ஏற்காத 100/90 வாட் பல்புகளும் நம் கடைகளில் தாராளமாகக் கிடைத்தன.

பழைய கம்பியில் அந்தப் பல்பை மாட்டினால் என்ன ஆகும்? இரண்டு பல்புக்கும் ஏறத்தாழ 17 ஆம்பியர். மேலே சொன்ன 0.15 ஓம் தடையில் 2.5 வோல்ட் இழப்பு. 100 வாட்டுக்குக் காசு கொடுத்தவர் அதில் பாதி வெளிச்சத்தையே பெறுகிறார். இழந்தது எங்கே போனது? 40 வாட்டுக்கு மேற்பட்ட வெப்பமாகக் கம்பியிலும் சுவிட்சிலும் தங்கியது. பற்றவைக்கும் சால்டரிங் அயர்ன் ஒன்றின் சூடு அது. அக்காலத்துப் பிரித்தானிய அமைப்பில் முகப்பு விளக்குகளுக்குப் பல வண்டிகளில் பியூசும் கிடையாது. சுவிட்சு உருகுவதும் டேஷ்போர்டுக்குப் பின்னால் புகை வருவதும் இதனால் நேர்ந்தன. 1974-ல் தூத்துக்குடி பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பட்ட பின் இரவுச் சாலையில் லாரிகள் பெருகின. எதிரெதிரே கண்ணைக் கூசவைக்கும் போட்டியும் பெருகியது. விளக்கின் நடுவிலோ மேற்பாதியிலோ கறுப்புப் பூசும் பழக்கம் அந்தக் கூச்சத்துக்குச் செய்த கைவைத்தியம்.

பொருத்தும் முறை

சரியான வழி, 60/55 வாட் பல்பும் இரண்டு ரிலேயும். ஒன்று டிம்முக்கு, மற்றொன்று பிரைட்டுக்கு. இப்போது கிடைக்கும் ரிலேயின் கால்களில் எண்கள் பொறித்திருக்கும். பேட்டரியிலிருந்து பியூஸ் வழியாக வரும் தடித்த கம்பி 30-க்கு, அங்கிருந்து விளக்குக்குப் போவது 87-லிருந்து, பழைய டிம்-பிரைட் சுவிட்சிலிருந்து வரும் கம்பி 86-க்கு, 85 எர்த்துக்கு. 2.5 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பி போதுமானது. விளக்கின் எர்த்தை மட்கார்டுக்கு விடாமல் பேட்டரி வரை தனிக் கம்பியில் கொண்டுபோக வேண்டும். கடற்கரை ஊரில் பாதிப் பயன் இந்த ஒரு கம்பியில் கிடைத்துவிடும். இடது, வலது விளக்குக்குத் தனித்தனி பியூஸ் வைத்தால் ஒன்று போனாலும் மற்றது வழிகாட்டும். ரிலேயின் கால்கள் கீழ்நோக்கி இருக்கட்டும்; இணைப்புகளில் வாசலின் தடவுவது பழைய எலக்ட்ரீசியன்களின் பழக்கம், உப்புக் காற்றுக்கு அதைவிட மலிவான மருந்தில்லை.

இப்போது பழைய சுவிட்சின் வழியாகப் போவது ரிலேச் சுருளுக்குத் தேவையான மின்னோட்டம் மட்டும், ஏறத்தாழ 0.2 ஆம்பியர். புதிதாகக் கிடைக்காத அந்தச் சுவிட்சுக்கு ஆயுள் நீள்கிறது. தொழிற்சாலைக் கம்பிகளை வெட்டாமல் இடையில் செருகினால், எப்போது வேண்டுமானாலும் கழற்றி வண்டியை மூலநிலைக்குக் கொண்டுவரலாம். பழைமையைக் காக்க விரும்புவோர் ரிலேயை மறுப்பதில் எனக்கு உடன்பாடில்லை. விளக்குக் கண்ணாடியை மாற்றுவதைவிட இது வண்டிக்குக் குறைவான தீங்கே செய்கிறது.

மிகப் பழைய மோரிஸ் வழி வண்டிகளில் பேட்டரியின் நேர்முனை எர்த்தாக இருக்கும். சாதாரண ரிலேச் சுருளுக்குத் திசை பொருட்டல்ல. உள்ளே டையோடு உள்ளதை வாங்கினால்தான் தவறும்.

ரிலே மின்சாரத்தை உண்டாக்குவதில்லை என்பதையும் கருத வேண்டும். லூகாஸ் சி-40 டைனமோவின் உச்ச அளவு 22 ஆம்பியர்; இன்ஜின் மெல்ல ஓடும்போது அது ஏறத்தாழ ஒன்றும் தராது. ஹாலஜன் விளக்கு 10, வைப்பர், இக்னிஷன், பின்விளக்கு எல்லாம் சேர்த்தால் மழை இரவில் மிச்சம் அதிகமில்லை. ஆல்டர்னேட்டர் பூட்டிய வண்டிகளுக்கு இந்தக் கவலை குறைவு.

மன்னார் வளைகுடாவுக்கு அக்கரையில், இறக்குமதிக் கட்டுப்பாடுகளால் மோரிஸ் மைனர்கள் நெடுங்காலம் பேணப்பட்ட இலங்கையிலும் இதே லூகாஸ் கம்பி, இதே உப்புக் காற்று. இப்போது இரு கரைகளிலும் எல்இடி பல்பு மாட்டுகிறார்கள். அதற்கு மின்னோட்டம் குறைவு, பழைய கம்பியே தாங்கும். ஆனால் இழை பல்புக்கென வளைத்த பழைய பிரதிபலிப்பானில் எல்இடியின் ஒளி பெரும்பாலும் சரியாகக் குவிவதில்லை. எதிரே வருபவரின் கண்ணில் அடிக்கிறது.