உருமி அடியும் கணினிச் சுற்றும்

அம்மன் திருவிழா நெருங்கினால் கெடா தோட்டங்களின் லயங்களில் முதலில் கேட்டது உருமிச் சத்தம்தான். ஒரு முகத்தை வளைந்த குச்சியால் தேய்த்து உறுமவைத்து, மறுமுகத்தை மெல்லிய குச்சியால் அடிக்கும் அந்தத் தோற்கருவியைப் பீடோங், சுங்கைப்பட்டாணி, கூலிம் வட்டாரத் தமிழர்கள் நன்கு அறிவர். காவடிக்கு முன்னால் ஒரே அடி திரும்பத் திரும்ப வரும். கணினியில் இசையமைக்கும் இளைஞர்கள் அத்தகைய சுற்றைத்தான் 'லூப்' என்கிறார்கள்.

இதற்கும் ஒரு வரலாறு உண்டு. 1948-இல் பாரிஸ் வானொலியில் பியேர் ஷேஃபர், இசைத்தட்டின் பள்ளக்கோட்டை வட்டமாக மூடி ஒரே ஒலியைச் சுழலவிட்டார். பின்னர் ஒலிநாடாவை வெட்டி இரு முனைகளையும் ஒட்டினார்கள். 1983-இல் 'மிடி' முறை வந்தது. வெவ்வேறு நிறுவனங்களின் கருவிகள் ஒன்றோடொன்றும் கணினியோடும் இணைந்தன. 1992-இல் 'ரோஜா' மூலம் ஏ.ஆர்.ரஹ்மான் அறிமுகமானபோது, கணினி வழி இசை தமிழர் வீடுகளில் மேலும் பரவியது. 2006-இல் மலேசியாவின் யோகி பி, நட்சத்ரா குழுவினர் 'வல்லவன்' இசைத்தொகுப்பில், இளையராஜாவின் 1980-ஆம் ஆண்டுப் பாடலான 'மடை திறந்து'வை ராப் வடிவில் தந்தனர்.

சுற்றைப் பதிவு செய்வது எளிது. நிமிடத்துக்கு 120 தட்டு என்றால், நான்கு தட்டு கொண்ட ஓர் அளவு 2 விநாடி. நான்கு அளவு 8 விநாடி. நான்கு நிமிடப் பாட்டில் அது 30 முறை வரும். மாற்றமின்றி வந்தால் காது சலித்துவிடும். அதனால்தான் 'ஆட்டோமேஷன்' தேவைப்படுகிறது. எந்த இடத்தில் ஒலி ஏற வேண்டும், எங்கே எதிரொலி கூட வேண்டும் என்று திரையில் கோடாக வரைந்துவிட்டால், மென்பொருள் தானே அதைச் செய்யும்.

உருமிக்காரர் இதைக் கோடு வரையாமலே செய்தார். பக்தருக்கு அருள் வரும்போது அடி விரையும். அவர் தளரும்போது இறங்கும். 8 விநாடித் துண்டில் இந்த ஏற்ற இறக்கம் அடங்காது.

1996-இல் கூலிம் உயர் தொழில்நுட்பப் பூங்கா திறக்கப்பட்டது. கெடாவின் பல தோட்டங்களும் தொழிற்சாலைகளாக, வீடமைப்புப் பகுதிகளாக மாறின. லயங்கள் கலைந்தன, உருமிக் குழுக்களும் சிதறின. துண்டுகளை மட்டும் சேமித்தால், அவற்றை அடித்தவர் யார், எந்தத் தோட்டம், எந்தச் சடங்கு என்பது மறைந்துவிடும். மூத்த கலைஞர்கள் இருக்கும்போதே முழு அடியையும் பெயர், ஊர், தருணத்தோடு பதிவு செய்ய வேண்டும். சுற்றுகளைப் பிறகு வெட்டிக்கொள்ளலாம். அதற்குக் கையிலுள்ள கைப்பேசியே போதும்.