இரைச்சல் ஒன்றல்ல, இரண்டு: பேஸ் கிட்டார் பிக்கப்பின் வரலாறு

மின் பேஸ் கிட்டாரின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் அதன் வடிவத்திலிருந்தோ, அதை வாசித்த கலைஞர்களிலிருந்தோ தொடங்குவர். இரைச்சலிலிருந்து தொடங்கினால் வேறொரு வரலாறு புலப்படும்: ஒரே சொல்லால் சுட்டப்பட்டவை இரண்டு வேறு பொருள்கள் என்று கண்டறிந்த வரலாறு.

சியாட்டிலில் பால் டட்மார்க் 1930-களின் நடுப்பகுதியிலேயே ஃபிரெட்டுகள் கொண்ட மின் பேஸ் ஒன்றை விற்பனைக்குக் கொண்டுவந்தார், அது பரவவில்லை. 1951-இல் கலிஃபோர்னியாவின் ஃபுல்லர்டனில் லியோ ஃபெண்டர் உருவாக்கிய பிரிசிஷன் பேஸே நிலைபெற்றது. அதன் பிக்கப் மிக எளியது: நான்கு தந்திகளுக்கு நான்கு காந்த முனைகள், அவற்றைச் சுற்றி மெல்லிய செப்புக் கம்பியாலான ஒற்றைச் சுருள். எஃகுத் தந்தி அதிரும்போது காந்தப் புலம் மாறுகிறது. ஃபாரடே 1831-இல் கண்ட விதிப்படி சுருளில் மின்னழுத்தம் தோன்றுகிறது.

ஆனால் சுருளுக்குத் தந்தியும் ஒன்றே, அருகிலுள்ள டிரான்ஸ்ஃபார்மரும் ஒன்றே. அமெரிக்க மின்வழங்கலின் அலைவெண் 60 ஹெர்ட்ஸ். பேஸின் திறந்த தந்திகளோ 41, 55, 73, 98 ஹெர்ட்ஸ் அளவில் ஒலிப்பவை. அதாவது, இரைச்சல் இக்கருவியின் குரல் எல்லைக்குள்ளேயே குடியிருக்கிறது. இந்தியாவின் 50 ஹெர்ட்ஸ் மின்சாரம், மிகத் தடித்த தந்தியின் மூன்றாம் ஃபிரெட்டில் பிறக்கும் 49 ஹெர்ட்ஸ் சுரத்தை ஏறத்தாழ ஒட்டியே நிற்கிறது. எனவே கீழ் அலைவெண்களை வெட்டி இரைச்சலைப் போக்க முயன்றால் இசையும் உடன் போகும்.

இங்கேதான் பகுப்பு தேவைப்பட்டது. மின்புலத்தால் நுழைவது கூர்மையான கரகரப்பு. காந்தப் புலத்தால் நுழைவது ஆழ்ந்த முரல்வு. முன்னதை எர்த் இணைப்புப் பெற்ற உலோகக் கவசம் தடுக்கும். பின்னதை, குழிக்குள் ஒட்டப்படும் மெல்லிய செப்புத் தகடோ கடத்தும் வண்ணப்பூச்சோ தடுப்பதில்லை. குறைந்த அலைவெண் காந்தப் புலம் அதை ஊடுருவிச் செல்லும். தகடு ஒட்டியும் முரல்வு ஓயவில்லையே என்று இன்றும் பலர் வியப்பது இவ்வேறுபாட்டை அறியாமையால்தான்.

தொடக்ககால பேஸ்களில் பிக்கப்பின்மேல் கவிந்திருந்த குரோமிய மூடி கைக்கு ஓய்விடமாகவும் கவசமாகவும் பயன்பட்டது. விரல்களுக்கு இடைஞ்சல் என்று வாசிப்போர் பலர் அதைக் கழற்றிவிட்டனர். கழன்றது அழகுப் பொருள் மட்டுமன்று. 1957 முதல் 1959 வரை பிரிசிஷன் பேஸின் முகப்புத் தகடு அலுமினியத்தால் ஆனது. பின்னர் பிளாஸ்டிக் வந்தபோது, அதன் அடியில் அலுமினியத் தகடு வைக்கப்பட்டது.

முரல்வுக்கு வேறு விடை தேவைப்பட்டது. இரு சுருள்களை எதிரெதிர்த் திசையில் சுற்றி இணைத்தால் வெளியிலிருந்து வரும் முரல்வு ஒன்றையொன்று அழிக்கும். காந்த முனைகளையும் எதிராக்கினால் தந்தியின் ஒலி மட்டும் இருமுறை திரும்பி, ஒரே திசையில் சேரும். இக்கருத்து 1930-களின் காப்புரிமைகளிலேயே காணப்படுகிறது. கிப்சன் நிறுவனத்தின் செத் லவர் 1955-இல் விண்ணப்பித்து 1959-இல் காப்புரிமை பெற்றார். கிரெட்ச் நிறுவனத்துக்காக ரே பட்ஸ் ஏறத்தாழ அதே காலத்தில் தனியே அதை எட்டினார். ஆகவே ‘முதலில் கண்டவர் யார்’ என்ற வினா இங்கு அவ்வளவு பயன் தராது.

பேஸுக்கு இக்கருத்து 1957-இல் வந்தது. ஃபெண்டர் பிக்கப்பை இரண்டாகப் பிளந்தார். ஒவ்வொரு பாதியும் இரு தந்திகளுக்கு உரியது. ஒவ்வொரு தந்திக்கும் கீழே இரு முனைகள் அமைந்ததால் ஒலியின் முதல் தாக்கமும் மென்மையானது. 1960-இல் வந்த ஜாஸ் பேஸில் இரு பிக்கப்புகளும் சம அளவில் திறந்திருக்கும்போதே முரல்வு அடங்கும்; ஒன்றின் ஒலியளவைக் குறைத்தால் அது மீளும்.

பிக்கப்பின் உயரத்தைச் சரிசெய்வதும் இக்கணக்கின் ஒரு பகுதியே. திருகாணியால் பிக்கப்பைத் தந்தியை நோக்கி உயர்த்தினால் தந்தியின் ஒலி வலுக்கும், முரல்வோ மாறாது. எனவே விகிதம் மேம்படும். ஆனால் மிக நெருங்கினால் காந்தம் தந்தியை இழுத்து, அதிர்வைக் குலைத்து, சுருதியைக் கலைக்கும். கடைசி ஃபிரெட்டில் தந்தியை அழுத்தி, ஏறத்தாழ 2 முதல் 3 மில்லிமீட்டர் இடைவெளியிலிருந்து தொடங்கி, பின்னர் செவியால் தீர்மானிப்பதே வழக்கம்.

தந்தியைத் தொட்டதும் கரகரப்பு அடங்குவது, வாசிப்பவரின் உடலே எர்த் இணைப்புப் பெற்றுக் கவசத்தின் பகுதியாவதால்தான். அந்த இணைப்புக்கு ஆபத்தான மறுபக்கமும் உண்டு. 1972 மே 3 அன்று வேல்ஸின் ஸ்வான்சீ நகர மேடையில், சரியாக எர்த் செய்யப்படாத மைக்ரோஃபோனைத் தொட்ட கிட்டார் கலைஞர் லெஸ்லி ஹார்வி மின்சாரம் தாக்கி இறந்தார். கருவிக்குள் செப்புத் தகடு ஒட்டுபவர், மேடையின் எர்த் இணைப்பையும் சோதித்தாக வேண்டும். தகடு இசையைத்தான் காக்கும். வாசிப்பவரைக் காப்பது அந்தச் சோதனையே.