நுங்கம்பாக்கத்துக் கோடும் இந்திய ரயிலும்

சென்ற வாரம், 1856 ஜூலை 1 அன்று ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடுக்குக் கிளம்பிய தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயிலைப் பார்த்தோம். ஆவடியைத் தாண்டி, இன்றைய சேக்காட்டை ஒட்டி மேற்கே போகும் பாதை அது. இந்தத் தண்டவாளம் பம்பாய் வரை நீண்டபோது ஒரு சிக்கல் எழுந்தது. வண்டி எந்த ஊர் நேரப்படி ஓட வேண்டும்?

பூமி 360 பாகை சுழல 24 மணி நேரம் ஆகிறது. ஒரு தீர்க்கரேகைப் பாகைக்கு 4 நிமிடம். கிழக்கே உள்ள ஊருக்கு உச்சிப்பொழுது முந்தி வரும். நுங்கம்பாக்கத்துக்கும் சேக்காட்டுக்கும் இடையே இந்த வித்தியாசம் ஏறத்தாழ 40 நொடிதான். மாட்டு வண்டியில் போனவர்களுக்கு அது ஒரு பொருட்டே அல்ல.

கடலோடிகளுக்கு அப்படியில்லை. வடக்கு தெற்காக எங்கே இருக்கிறோம் என்பதைத் துருவ நட்சத்திரத்தின் உயரமோ நண்பகல் சூரியனோ சொல்லிவிடும். கிழக்கு மேற்காக எவ்வளவு தூரம் வந்தோம் என்பதுதான் பிடிபடாது. அதனால் கப்பல்கள் சேர வேண்டிய ஊரின் அட்சரேகையை முதலில் பிடித்து, அதன் மீதே ஓடிக் கரை சேர்ந்தன. அந்த வழி சுற்று, நாளும் கூடும். நன்னம்பிக்கை முனையைக் கடந்து மேற்குக் காற்றில் கிழக்கே ஓடிய டச்சுக் கப்பல்கள், வடக்கே எங்கு திரும்புவது என்று தெரியாமல் தவித்தன. ‘பட்டேவியா’ என்ற கப்பல் 1629-ல் ஆஸ்திரேலியாவின் மேற்குக் கரையருகே பாறையில் மோதி உடைந்தது.

சோழமண்டலக் கரைக்கு வந்த கிழக்கிந்தியக் கம்பெனிக் கப்பல்களுக்கும் இதே கவலை இருந்தது. எழும்பூரில் வில்லியம் பெட்ரி 1786-ல் சொந்தமாக வைத்திருந்த வானாய்வுக் கூடத்தைக் கம்பெனி ஏற்று, 1792-ல் நுங்கம்பாக்கத்தில் புதுக் கட்டடம் எழுப்பியது. அதன் சிற்பி, கரையோரத்தை அளந்த மைக்கேல் டாப்பிங். தொலைநோக்கியைத் தாங்கிய கருங்கல் தூண், தமிழ் உள்ளிட்ட பல மொழிக் கல்வெட்டுகளோடு வானிலை மைய வளாகத்தில் இன்றும் நிற்கிறது.

அங்கே வானியலாளர் ஜான் கோல்டிங்ஹாம் வியாழனின் துணைக்கோள்களைக் கவனித்தார். அவற்றில் ஒன்று வியாழனின் நிழலுக்குள் மறையும் கணம் உலகம் முழுவதற்கும் ஒன்றே. அந்தக் கணத்தில் கிரீன்விச் கடிகாரம் காட்டும் நேரத்தையும் சென்னைக் கடிகாரம் காட்டும் நேரத்தையும் ஒப்பிட்டால் தீர்க்கரேகை கிடைத்துவிடும். இரவிரவாக நடந்த இந்தக் கணிப்பில் சென்னை கிரீன்விச்சுக்குச் சுமார் 5 மணி 21 நிமிடம் முந்தியது என்று தெரிந்தது. அதுவே ‘மதராஸ் டைம்’ ஆனது.

ரயில்வே கைக்கொண்டது இந்த நேரத்தைத்தான். பம்பாய் நேரம் கிரீன்விச்சுக்கு 4 மணி 51 நிமிடமும், கல்கத்தா நேரம் 5 மணி 53 நிமிடமும் முந்தியவை. சென்னை ஏறத்தாழ நடுவில் இருந்தது. தந்தி வழியே நாடெங்கும் போன மதராஸ் நேரப்படி வண்டிகள் ஓடின. ஊர்க் கடிகாரத்தை நம்பி வந்த பம்பாய்க்காரர் அரை மணி தாமதித்து வண்டியைத் தவறவிடுவார். கல்கத்தாக்காரர் அரை மணிக்கு மேல் காத்திருப்பார். 1881-ல் பம்பாய் அரசு அலுவலகங்களில் மதராஸ் நேரத்தைப் புகுத்தியபோது நகரமே எதிர்த்தது; கடைசியில் அரசு அதைக் கைவிட்டது.

நுங்கம்பாக்கத்துக் கோட்டில் ஒரு பிழையும் இருந்தது. இந்திய நில அளவையின் தீர்க்கரேகைகளுக்கெல்லாம் அடிப்படை இந்தச் சென்னைக் கணக்கே. பின்னாளில் தந்தியின் துணையோடு அளந்தபோது, வரைபடங்களின் தீர்க்கரேகையில் 2 கலை 27 விகலையைக் கழிக்க வேண்டும் என்று தெரிந்தது. சென்னை அட்சரேகையில் அது 4 கிலோமீட்டருக்கும் மேல். பழைய வரைபடங்களின் ஓரத்தில் இந்தத் திருத்தக் குறிப்பு அச்சாகியிருப்பதைக் காணலாம். பிழையை மறைக்காமல், கழிக்க வேண்டிய அளவை அந்தத் தாளிலேயே சொன்ன நேர்மையை நான் மதிக்கிறேன்.

1906 ஜனவரி 1 முதல் 82½ பாகைக் கோட்டின் நேரம் இந்தியாவுக்குப் பொதுவானது. ரயில்கள் மதராஸ் நேரத்தை விட்டன. ஆனால் சூரியன் பழைய கணக்கை விடவில்லை. சித்திரை பிறந்து பத்து நாள் ஆன பிறகு, ஏப்ரல் 24, 25 வாக்கில் சேக்காட்டில் ஒரு கம்பத்தைச் செங்குத்தாக நட்டுப் பாருங்கள். நிழல் கம்பத்தின் அடியிலேயே ஒடுங்கிவிடும். சூரியன் 13 பாகை அட்சரேகைக்கு நேர் மேலே நிற்பதே காரணம். அப்போது கைக்கடிகாரம் 12 மணி 8 நிமிடம் காட்டும். பன்னிரண்டைத் தாண்டிய அந்த நிமிடங்களுக்கு முக்கியக் காரணம், நமக்கும் 82½ பாகைக் கோட்டுக்கும் உள்ள தூரம்.

கோடுகள் கற்பனைதான், அவற்றை நிறுவிய உழைப்பு கற்பனையல்ல. கப்பலும் ரயிலும் வழி தவறாமல் போனதில் சென்னையின் இரவுகளுக்குப் பெரும் பங்கு உண்டு. நம் பள்ளிப் பிள்ளைகளை ஒருமுறையேனும் அந்தக் கருங்கல் தூண் அருகே அழைத்துப் போய் இந்தக் கணக்கைச் சொல்லித்தர வேண்டும்.

நுங்கம்பாக்கத்துத் தீர்க்கரேகையை ஆதாரமாகக் கொண்டு, 1802 ஏப்ரல் 10 அன்று பரங்கிமலை அருகே வில்லியம் லாம்டன் சங்கிலி பிடித்து நிலத்தை அளக்கத் தொடங்கினார். அந்தக் கதை அடுத்த வாரம்.

(தொடரும்)