வங்கிக் கிளைக்குள் கணினி வந்த வழி

இந்திய வங்கிகளில் 1980கள் வரை கணக்கெல்லாம் கையால் எழுதும் பேரேடுகளில்தான் இருந்தது. கணினி வந்தால் வேலை போகும் என்ற அச்சம் ஊழியரிடையே வலுவாக இருந்தது. 1960களிலேயே கல்கத்தாவில் ஆயுள் காப்பீட்டுக் கழக ஊழியர்கள் கணினியை எதிர்த்துப் போராடியிருந்தனர்.

திருப்பம் 1983இல் வந்தது. இந்திய வங்கிகள் சங்கமும் தொழிற்சங்கங்களும் செய்த ஒப்பந்தம், வரம்புக்குட்பட்ட இயந்திரமயத்துக்கு இடமளித்தது. ஆட்குறைப்பு இல்லை என்ற உறுதியும், இயந்திரத்தை இயக்குவோருக்குச் சிறப்புப் படியும் எதிர்ப்பைத் தணித்தன. ரிசர்வ் வங்கி அமைத்த, சி. ரங்கராஜன் தலைமையிலான குழு 1984இல் அளித்த அறிக்கையை ஒட்டி, கிளைகளில் பேரேட்டுப் பதிவு இயந்திரங்கள் நுழைந்தன. 1993இல் ஏற்பட்ட மற்றோர் ஒப்பந்தம் கணினிமயத்தின் எல்லையை விரிவாக்கியது.

புதிய தனியார் வங்கிகளின் போட்டி வேகத்தைக் கூட்டியது. 2001 தொடங்குமுன் வணிகத்தில் 70 விழுக்காட்டைக் கணினிமயமாக்கும்படி, மத்திய ஊழல் கண்காணிப்பு ஆணையராக இருந்த என். விட்டல் பொதுத்துறை வங்கிகளைப் பணித்தார். 2000–01இல் இவ்வங்கிகளின் விருப்ப ஓய்வுத் திட்டத்தில் ஏறத்தாழ ஒரு லட்சம் ஊழியர்கள் வெளியேறினர். பின்னர் வந்த மையப்படுத்திய வங்கிச் சேவை (கோர் பேங்கிங்) மென்பொருள் ஒரு வங்கியின் கிளைகள் அனைத்தையும் ஒரே வலைப்பின்னலில் இணைத்தது. வாடிக்கையாளர் எந்தக் கிளையிலும் தம் கணக்கை இயக்க முடிந்தது.