ரேஸ் கோர்ஸ் ரோட்டிலிருந்து ஜாலான் புசார் வரை: நுழைவுச்சீட்டும் விளையாட்டுச் செய்தியாளரும்

செய்தித்தாள் அலுவலகத்தில் விளையாட்டுப் பிரிவைப் 'பொம்மைப் பிரிவு' என்று இளக்காரமாகச் சொல்லும் வழக்கம் ஆங்கில நாடுகளில் நெடுங்காலமாக உண்டு. அந்தப் பெயர் இன்னும் பொருந்துமா என்ற கேள்வியை ஊடக ஆய்வாளர் டேவிட் ரோ 2007-இல் 'ஜர்னலிசம்' ஆய்விதழில் எழுப்பினார். 10 நாடுகளின் 37 செய்தித்தாள்களை அலசிய ஒரு கணக்கெடுப்பை முன்வைத்து, பெரும்பாலும் பொருந்தும் என்றே முடித்தார். ஆட்டத்துக்கு முன் ஒரு முன்னோட்டம், பின் ஒரு முடிவு. பேசுபவர்கள் ஆட்டக்காரர், பயிற்றுநர், நிர்வாகி. பணமும் அதிகாரமும் பற்றிய கேள்விகள் அபூர்வம். இந்தக் குறுகலுக்கான காரணத்தை அவர் அந்தப் பிரிவுக்குள்ளேயே தேடுகிறார்: விளையாட்டுச் செய்தியாளர் தம் உலகத்துக்குள் சுருங்கிக்கொண்டார், அதைத் தாண்டிக் கேட்கும் பழக்கம் அவருக்கு வரவில்லை.

விளையாட்டு இதழியலைப் பற்றி எழுதும் எவரும் இக்கட்டுரையை ஒதுக்கிவிட முடியாது. நானும் அதிலிருந்தே தொடங்கினேன். ஆனால் சிங்கப்பூருக்குப் பொருத்திப் பார்க்கப் பார்க்க, காரணமும் விளைவும் இடம் மாறிக் கிடப்பதாகவே எனக்குப் படுகிறது. அந்த 10 நாடுகளில் ஆசிய நாடு ஒன்றுகூட இல்லை என்பது சிறிய குறைதான். செய்தியாளர் ஏன் பயிற்றுநரையும் நிர்வாகியையும் மட்டுமே கேட்கிறார் என்ற கேள்வி அங்கே முழுமையாகக் கேட்கப்படவில்லை என்பதே பெரிய குறை. கேள்வி கேட்கும் அறை அவர்களுடையது. அந்த அறைக்குள் விடும் அட்டையும் அவர்கள் கொடுப்பது. பழக்கம் என்று ரோ காண்பது, வாயிலில் தொடங்கும் ஒரு சொத்துச் சட்டத்தின் விளைவு என்பது என் வாதம். அந்தச் சட்டம் இங்குள்ள காற்பந்தைவிட மூத்தது. அதன் தடத்தைச் சிங்கப்பூரின் தேக்கா வட்டாரத்தின் ஓரத்திலேயே தேடலாம்.

1842-இல் தோன்றிய சிங்கப்பூர் ஸ்போர்ட்டிங் கிளப் மறு ஆண்டே முதல் குதிரைப் பந்தயத்தை நடத்தியது. அந்தத் திடலின் பெயரைத்தான் ரேஸ் கோர்ஸ் ரோடு இன்றும் தாங்கி நிற்கிறது. 1845-இல் இங்கே 'ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸ்' தொடங்கியது. அதே 1845-இல் இங்கிலாந்தில், அதுவும் ஒரு குதிரைப் பந்தயத் திடலைப் பற்றி, ஒரு தீர்ப்பு வந்தது. டாங்காஸ்டர் பந்தயத்துக்கு ஒரு கினி கொடுத்துச் சீட்டு வாங்கிய வுட் என்பவரை, முன்பொரு முறை பந்தயத்தில் முறைகேடு செய்தவர் என்று சொல்லி வெளியேறச் சொன்னார்கள். அவர் மறுத்தார், லெட்பிட்டர் என்பவர் பிடித்து வெளியே தள்ளினார். வழக்கு தள்ளப்பட்டவருக்கு எதிராகவே முடிந்தது. சீட்டு என்பது நிலத்தில் ஓர் உரிமை அல்ல, நிலத்துக்காரர் எப்போது வேண்டுமானாலும் திரும்பப் பெறக்கூடிய இசைவு மட்டுமே; பணம் வாங்கியிருந்தாலும் அப்படித்தான் என்றது நீதிமன்றம். 1826-இன் இரண்டாம் நீதிச் சாசனத்தின் வழியே ஆங்கிலச் சட்டத்தைப் பெற்ற ஊருக்கு இந்தத் தீர்ப்பு அயலூர்ச் செய்தி அல்ல.

இந்த 'இசைவு'க்கு ஆங்கிலச் சட்டச் சொல் 'லைசென்ஸ்'. தமிழில் நாம் அதை 'உரிமம்' என்கிறோம். சொல்லுக்குள் உரிமை குடியிருக்கிறது, பொருளுக்குள் இல்லை. ஓட்டுநர் உரிமத்தில் இந்த இடைவெளி யாருக்கும் உறுத்துவதில்லை. மைதான வாயிலில் உறுத்தும். செய்தியாளர் அட்டைக்கு நம்மிடம் வழங்கும் மற்ற இரு சொற்களையும் இங்கே நிறுத்திப் பார்க்க வேண்டும். ஒன்று 'அனுமதி அட்டை'. மற்றொன்று, தமிழ்நாட்டு அரசு வழக்கில் வேரூன்றிய 'அங்கீகார அட்டை'. அங்கீகாரம் என்பதன் வேர் அங்கம். ஒன்றைத் தன் உறுப்பாக ஏற்றுக்கொள்வது. அங்கீகாரம் பெற்றவர், சொல்லின்படி, அங்கீகரித்த உடம்பின் உறுப்பாகிறார். அனுமதி அட்டை என்பதில் அந்த மயக்கம் இல்லை. ஒருவர் விடுகிறார், மற்றவர் நுழைகிறார், விட்டவர் மனம் மாறலாம். வரலாற்றுக்கு நேர்மையான சொல் அதுதான் என்பேன்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு சிற்றிதழுக்காக ஆட்டம் ஒன்றைப் பார்த்து எழுதப் போனபோது கையில் வந்த அட்டையை இன்னும் வைத்திருக்கிறேன். எந்த அரங்கம், எந்த அமைப்பு என்பது இங்கே தேவையில்லை. முன்புறம் பெரிய எழுத்தில் 'ஊடகம்'. பின்புறம் அரிசியைவிடச் சிறிய எழுத்தில் ஏழெட்டு வரிகள். காரணம் சொல்லாமலே அட்டையைத் திரும்பப் பெறலாம் என்பது அவற்றுள் ஒன்று. உள்ளே எடுக்கும் படத்தையும் ஒலிப்பதிவையும் செய்திக்கன்றி வேறு எதற்கும் பயன்படுத்தக் கூடாது என்பது இன்னொன்று. முதல் வரி 1845-இன் எதிரொலி. இரண்டாவது வரிக்கும் ஒரு தீர்ப்புதான் பிறப்பிடம்.

இங்கிலாந்தில் ஒரு நாய்க் கண்காட்சியில் படம் எடுக்கும் தனியுரிமையை நடத்துநர்கள் ஒரு பட நிறுவனத்துக்கு விற்றிருந்தார்கள். வேறொரு படக்காரர் உள்ளே போய்ப் படம் பிடித்து, 'அவர் டாக்ஸ்' என்ற இதழுக்குக் கொடுத்தார். பட நிறுவனம் வழக்குப் போட்டு 1916-இல் தோற்றது. 1917-இல் மேல்முறையீட்டிலும் தோற்றது. ஒரு காட்சியைப் படம் பிடிக்கும் உரிமை சொத்தாகாது என்பது நீதிமன்றத்தின் நிலை. ஆனால் தோற்றவர்களுக்கு அதே தீர்ப்பு ஒரு வழியையும் காட்டிவிட்டது: உள்ளே விடும்போதே படம் எடுக்கக் கூடாது என்று நிபந்தனை போட்டிருந்தால் கதை வேறு. அன்றுமுதல் அதிகாரம் நுழைவுச்சீட்டின் பின்புறத்துக்கு இடம் மாறியது. சட்டம் தராத சொத்தை அச்சிட்ட வரி தந்தது. 1937-இல் ஆஸ்திரேலிய உயர் நீதிமன்றமும், பந்தயத் திடலுக்கு வெளியே தன் வீட்டு முற்றத்தில் மேடை கட்டி அங்கிருந்து வானொலிக்கு வருணனை செய்ய விட்டவரைத் தடுக்க மறுத்தது. சுற்றுச்சுவருக்கு வெளியே நிற்பவரைச் சீட்டின் வரி கட்டாது. உள்ளே வந்தவரைத்தான் கட்டும்.

1845-இன் கடுமையை 1915-இல் ஒரு திரையரங்கு வழக்கு தளர்த்தியது என்று சட்டம் படித்தவர்கள் மறுக்கக்கூடும். உண்மைதான். காசு கொடுத்து உட்கார்ந்தவரை, அவர் ஒழுங்காக நடந்துகொள்ளும்வரை, காட்சி முடியுமுன் வெளியேற்ற முடியாது என்று அது சொன்னது. ஆனால் அந்தப் பிடிமானம் காசு கொடுத்தவருக்குக் கிடைத்தது. செய்தியாளர் அட்டை இலவசம். ஒப்பந்தத்துக்கான விலை அதில் இல்லை. அந்த அளவில், சீட்டு வாங்கிய ரசிகருக்குள்ள பிடிமானம்கூட ஊடக இருக்கையில் அமர்ந்தவருக்கு இல்லை. ரோவின் பார்வையில் விடுபட்டது இதுதான் என்று அழுத்திச் சொல்வேன். நாளை மீண்டும் உள்ளே வரவேண்டியவர், இன்று கேட்கும் கேள்வியை அளந்துதான் கேட்பார். இந்தச் சங்கிலிக்குச் சான்றாக ஒரு சிங்கப்பூர்த் தீர்ப்பை நான் முன்வைக்கவில்லை. மேற்சொன்னவை இங்கிலாந்து, ஆஸ்திரேலியத் தீர்ப்புகள். அவற்றை இங்கே நீட்டுவது என் அனுமானம்.

அனுமானத்துக்கு ஊரின் நிலப்படம் துணைநிற்கிறது. 1933-இல் பந்தயம் புக்கிட் தீமாவுக்குப் போனபின் பழைய திடல் ஃபேரர் பார்க் விளையாட்டுத் திடலானது. அது திறந்த வெளியாக இருந்தது. கோட்டோரத்தில் யாரும் நிற்க முடிந்தது, யாரும் எழுத முடிந்தது. அங்கிருந்து சிராங்கூன் சாலையைக் கடந்து கிச்சனர் ரோடு வழியே நடந்தால் கால்மணி நேரத்தில் 1929 டிசம்பர் 26-இல் திறக்கப்பட்ட ஜாலான் புசார் விளையாட்டரங்கம். அங்கே சுவர், வாயில், சீட்டு. ஆட்டம் இரண்டிலும் ஒன்றே. ஒன்றில் செய்தியாளர் ஊரார், மற்றதில் விருந்தாளி. சிங்கப்பூர்க் காற்பந்துச் சங்கத்தின் தலைமையகமும் ஜாலான் புசாரிலேயே அமைந்தது. செய்திக்கு உரியவரும் வாயிலுக்கு உரியவரும் ஒரே முகவரியில்.

ரோவின் முடிவு சரியென்றால், வாயில் இல்லாத இடத்திலும் விளையாட்டுச் செய்தியாளர் சோம்பியிருக்க வேண்டும். 1990களின் மலேசிய, சிங்கப்பூர்க் காற்பந்து ஆட்ட நிர்ணய ஊழல் அப்படிக் காட்டவில்லை. கோலாலம்பூரில் 'மலாய் மெயில்' நாளிதழின் ஜான்சன் ஃபெர்னாண்டஸ் அதை விடாமல் எழுதினார். அவர் விளையாட்டுப் பிரிவுக்காரர். சிங்கப்பூரில் காற்பந்தாட்டக்காரர் மிஹால் வானா பிணையில் இருந்தபோது தப்பி ஓடியதும், 1995-இல் இன்னோர் ஆட்டக்காரரான அப்பாஸ் சாட் குற்றவாளி எனத் தீர்க்கப்பட்டு 50,000 வெள்ளி அபராதம் பெற்றதும் விரிவாக வெளிவந்தன. நீதிமன்றத்துக்குள் நுழைய யாருடைய அட்டையும் வேண்டாம். நீதிமன்றச் செய்தி போலிஸ் தோண்டியதன் பதிவுதானே, புலனாய்வா என்று ரோவின் பக்கம் நிற்பவர் கேட்கலாம். சிங்கப்பூரைப் பொறுத்தவரை அந்தக் கேள்வியில் நியாயம் உண்டு. ஜான்சன் ஃபெர்னாண்டஸைப் பொறுத்தவரை இல்லை.

2017 இன்னும் சிக்கலானது. அதுவரை சிங்கப்பூர்க் காற்பந்துச் சங்கத்தின் தலைமை தேர்தலால் வந்ததல்ல. மா பாவ் டான், ஹோ பெங் கீ, ஸைனுதீன் நோர்தீன் என்று நாடாளுமன்ற உறுப்பினர்களே அடுத்தடுத்துத் தலைவர்களாக இருந்தார்கள். முதல் தேர்தல் ஏப்ரல் 29-இல் நடந்தது. அதற்கு முந்தைய வாரங்களில் தியோங் பாரு குழு ஆசியான் காற்பந்துச் சம்மேளனத்துக்குக் கொடுத்த 500,000 வெள்ளி நன்கொடை பகிரங்க விவாதமானது. ஏப்ரல் 20-இல் வர்த்தக விவகாரத் துறை சங்கத்தின் ஜாலான் புசார் அலுவலகத்திலும் சில குழுக்களிலும் சோதனை நடத்தியது. செய்தியாளர்கள் அந்த நாள்களில் கேட்க வேண்டியதைக் கேட்டார்கள். ஆனால் கதவைத் திறந்தது அவர்கள் அல்ல. உள்ளே இருந்தவர்களுக்கிடையே வந்த போட்டி. இது என் வாதத்துக்கு வலு சேர்க்கிறதா, அல்லது செய்தியாளர் காத்திருக்கவே பழகியவர் என்ற ரோவின் வாதத்துக்கா? இரண்டுக்கும் என்றே இப்போதைக்குச் சொல்வேன்.

சிங்கப்பூர் என்றதும் 1974-இன் செய்தித்தாள், அச்சகச் சட்டத்தை எடுப்பவர்கள் உண்டு. நிர்வாகப் பங்குகள் வழியாகப் பத்திரிகை உள்ளிருந்தே அடங்கும் விதத்தை ஊடக ஆய்வாளர் செரியன் ஜார்ஜ் 2012-இல் வெளியான நூலில் தெளிவாக விளக்கியிருக்கிறார். அவர் அக்கறை அரசியல் செய்தி. அதை அப்படியே மைதானத்துக்கு நீட்டினால், அத்தகைய சட்டம் இல்லாத ஊர்களில் நடந்தவற்றை விளக்க முடியாமல் போகும். 2013 அக்டோபரில் இங்கிலாந்துக் காற்பந்துக் குழுவான நியூகாசில் யுனைடெட், ரசிகர்களின் எதிர்ப்புப் பேரணியைச் செய்தியாக்கிய மூன்று உள்ளூர்ப் பத்திரிகைகளுக்குக் கதவடைத்தது. 2010-இல் சவுத்தாம்டன் குழு வெளிப் படக்காரர்களைத் தடுத்தபோது, 'பிளிமத் ஹெரால்ட்' நாளிதழ் ஓர் ஓவியரை வைத்து ஆட்டத்தை வரைந்து வெளியிட்டது. 2012-இல் இந்தியக் கிரிக்கெட் வாரியம் கெட்டி நிறுவனத்தின் படக்காரர்களை மறுத்ததால், இங்கிலாந்துத் தொடரின் படச்செய்தியை ராய்ட்டர்ஸ், ஏபி, ஏஎஃப்பி ஆகியவை நிறுத்திவைத்தன. இந்த மூன்றிலும் அரசு இல்லை. இருப்பது வாயில்.

2020-இல் ஹோம் யுனைடெட் காற்பந்துக் குழு தனியார் கைக்கு மாறி லயன் சிட்டி செய்லர்ஸ் ஆனது. உரிமையாளர் 'சீ' என்ற தொழில்நுட்ப நிறுவனம். அக்குழு செய்தியாளரைத் தடுத்தது என்று நான் சொல்லவில்லை. தன் காணொளியைத் தானே எடுத்துத் தானே பரப்பக்கூடிய குழுவுக்கு வெளிச் செய்தியாளர் முன்பைப் போலத் தேவைப்படமாட்டார் என்பதே சொல்ல வருவது. தேவை குறைந்தபின் மிஞ்சுவது இசைவு ஒன்றுதான்.

தீராமல் நிற்பது ஒரு தேதி. படத்துக்கும் ஒலிப்பதிவுக்கும் தடை போடும் அந்த வரி சிங்கப்பூர்ச் சீட்டில் எப்போது ஏறியது? ஜாலான் புசார் திறந்த 1929-க்கும் காலாங் தேசிய விளையாட்டரங்கம் திறந்த 1973-க்கும் இடையே வைக்கலாம். அதற்குமேல் குறுக்க எனக்குத் துணிவில்லை. 1930களின் ஜாலான் புசார்ச் சீட்டு ஒன்று, யாரோ ஒருவரின் பழைய பெட்டியிலிருந்து வெளிவந்து, அதன் பின்புறத்தில் அந்த வரி இருக்குமானால், வாயிலே முந்தியது என்று என்னால் சொல்ல முடியும். பின்புறம் வெறுமையாக இருந்தால், வரி வருவதற்கு முன்பே செய்தியாளர் அடங்கி எழுதத் தொடங்கிவிட்டாரா என்பதை அந்த ஆண்டுகளின் ஆட்டச் செய்திகளோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டியிருக்கும். அப்போது ரோவிடம் நான் திரும்பிப் போக நேரலாம்.