படகின் பின்பலகை

சுங்கை காடுட் வட்டாரத் தோட்டங்களில் வளர்ந்த நமக்குப் படகைப் பற்றிய பேச்சு எதற்கு என்று சிலர் கேட்கலாம். கடலைப் பார்க்க வேண்டுமானால் நாம் போர்ட் டிக்சனுக்குத்தான் போக வேண்டும். ஆயினும் நம்மில் பலருடைய குடும்பக் கதை ஒரு படகில்தான் தொடங்குகிறது. நாகப்பட்டினத்தில் பெரிய கப்பல்கள் கரையோரம் வந்து நிற்க வழியில்லை. 'ரஜூலா' போன்ற கப்பல்கள் கரைக்கு அப்பால் நங்கூரமிட்டு நிற்கும். நம் பாட்டன் பாட்டிமார் மூட்டை முடிச்சுகளோடு படகில் ஏறிப் போய்த்தான் கப்பலைப் பிடித்தார்கள்.

அடுத்த முறை போர்ட் டிக்சனுக்குப் போகும்போது, மோட்டார் மாட்டிய சிறு படகு ஒன்றைப் பாருங்கள். அதன் முன்புறம் கூராக இருக்கும். பின்புறமோ வெட்டிவிட்டதுபோல் தட்டையாக இருக்கும். அந்தத் தட்டைப் பகுதியைப் பின்பலகை என்று சொல்லுவோம். பழைய ஃபைபர் படகுகளில் முதலில் உளுத்துப்போகும் இடங்களில் அதுவும் ஒன்று. வெளியே பளபளப்பு, உள்ளே உளுத்த மரம். இந்த நிலை எப்படி வந்தது?

பழைய தமிழ்க் கடற்கரைக்குப் போவோம். கட்டுமரத்துக்குப் பின்பலகையே கிடையாது. சில மரங்களைச் சேர்த்துக் கயிற்றால் கட்டினால் கட்டுமரம். கடலிலிருந்து திரும்பியதும் கட்டை அவிழ்த்து, மரங்களை மணலில் காயப் போடுவார்கள். நீரில் ஊறிய மரம் காய்ந்தால்தான் மறுநாள் நன்றாக மிதக்கும்; நெடுநாள் உழைக்கும்.

சென்னையில் துறைமுகம் கட்டப்படும் முன், கப்பலுக்கும் கரைக்கும் இடையே ஆட்களையும் சரக்குகளையும் ஏற்றிச் சென்றது மசூலாப் படகு. அதன் பலகைகளை ஆணி அடித்துச் சேர்க்கவில்லை. தென்னை நார்க் கயிற்றால் தைத்தார்கள். அலை தூக்கி மணலில் மோதும்போது அந்தப் படகு நெகிழ்ந்து கொடுக்கும், எளிதில் உடையாது. கயிறு நைந்தால் பிரித்து மறுபடியும் தைக்கலாம். பலகை கெட்டால் அதை மட்டும் மாற்றலாம். பழுது கண்ணுக்குத் தெரிந்தது; கைக்கும் எட்டியது.

பிறகு மோட்டார் வந்தது. நார்வேயில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய ஓலே எவின்ரூட் என்பவர், படகின் பின்னால் மாட்டும் மோட்டாரை 1909ஆம் ஆண்டளவில் விற்பனைக்குக் கொண்டுவந்தார். அதை மாட்டித் திருகுவதற்குத் தட்டையான, உறுதியான பலகை தேவைப்பட்டது. 1940களில் கண்ணாடி இழையையும் பிசினையும் சேர்த்துப் படகு கட்டும் முறை அமெரிக்காவில் தோன்றியது. மெல்லிய ஃபைபர் தகடு மட்டும் மோட்டாரின் எடையையும் உந்துதலையும் தாங்காது. ஆகவே இரண்டு ஃபைபர் தகடுகளுக்கு நடுவே ஒட்டுப்பலகையை வைத்து மூடினார்கள். விலையும் குறைவு, உறுதியும் உண்டு.

தமிழ்நாட்டுக் கரைக்கும் இந்த மாற்றம் வந்தது. ஐக்கிய நாடுகளின் உணவு வேளாண்மை நிறுவனம் 1979இல் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு வங்காள விரிகுடாத் திட்டத்தைத் தொடங்கியது. நம் மலேசியாவும் அதில் பங்கு கொண்டது. கரையில் இழுத்து ஏற்றக்கூடிய புதிய படகுகளை அத்திட்டத்தினர் செய்து பார்த்தார்கள். 2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை எண்ணற்ற படகுகளை நொறுக்கியபின், உதவியாக வந்தவற்றில் ஏராளமானவை ஃபைபர் படகுகளே. அவசரமாகக் கட்டப்பட்ட சிலவற்றின் தரத்தைப் பற்றி அப்போதே எச்சரிக்கைக் குரல்கள் எழுந்தன.

மூடிவைத்த மரம் ஏன் கெடுகிறது? இது நமக்குத் தெரியாத செய்தியல்ல. வெட்டிப் போட்ட பால்மரம் சில நாட்களிலேயே நீலம் பூத்துவிடுவதைத் தோட்டத்தில் பார்த்திருக்கிறோம். ஈரம் தங்கினால் மரத்தில் காளான் பிடிக்கும். மோட்டாரை மாட்டத் துளைத்த ஓட்டை வழியாகவும், நீர் வடியும் துளை வழியாகவும் தண்ணீர் சிறிது சிறிதாக உள்ளே கசியும். வெளியே வர வழியில்லை. கட்டுமரக்காரர் வெயிலில் காயப்போட்ட மரத்தை, நாம் ஃபைபருக்குள் பூட்டி வைத்துவிட்டோம்.

சிறு சுத்தியலால் தட்டினால் நல்ல பலகை 'டக்' என்று கணீரென ஒலிக்கும். உளுத்த பலகை மந்தமாக ஒலிக்கும். மோட்டாரைப் பிடித்து அசைத்தால் பின்புறமும் சேர்ந்து அசையும். இதைக் கண்ட பிறகும் மேலே பிசினைப் பூசிவிட்டுக் கடலுக்குப் போவது ஆபத்து. பலகை பிளந்தால் மோட்டார் கடலில் விழும். தண்ணீர் பின்புறமாகப் படகுக்குள் புகும். நடுக்கடலில் அது உயிர்ப் பிரச்சினை.

சரியான வழி பொறுமையைக் கேட்கிறது. மோட்டாரைக் கழற்றி, உட்புறத் தகட்டை மட்டும் வெட்டி எடுக்க வேண்டும். வெளித்தகடு அப்படியே இருந்தால் படகின் வடிவம் மாறாது. உளுத்த மரத்தைக் கடைசித் துணுக்குவரை சுரண்டி, நன்றாகக் காயவிட வேண்டும். கடலுக்கு ஏற்ற ஒட்டுப்பலகையை இரண்டு அடுக்காக, ஏறத்தாழ ஒன்றரை அங்குலக் கனத்தில் ஒட்டி, ஓரங்களிலும் பிசின் ஊறவிட வேண்டும். அதன்மேல் கண்ணாடி இழைத் துணியைப் பக்கச் சுவர்கள்வரை படியவைத்துப் புதுத் தகடு அமைக்க வேண்டும். பிசினும் இழைத்தூளும் உடம்புக்குக் கெடுதல் என்பதால் காற்றோட்டமும் முகக்கவசமும் அவசியம். இறுதியில், புதிதாகப் போடும் ஒவ்வொரு ஓட்டையின் உட்சுவரையும் பிசினால் அடைக்க வேண்டும். இதில் சோம்பினால் பழைய கதையே திரும்பும்.

புதுப் பொருள் வந்தது நல்லதே. கட்டுமரத்துக்கே திரும்பிப் போக வேண்டும் என்று நாம் சொல்லவில்லை. ஆனால் கட்டை அவிழ்த்து மரத்தைக் காயப்போட்ட அந்த மீனவர்கள், மரம் கெடும் என்பதை மறக்காமல் வேலை செய்தார்கள். ஃபைபரின் பளபளப்பு நம்மை அதை மறக்கச் செய்தது. படகில் ஏறுகிறவர்கள் பின்பலகையை ஒருமுறை தட்டிப் பார்க்கட்டும், படகுக்காரரிடம் கேட்டுவிட்டுத்தான்!