இளம் சாரதிகளும் கையடக்கத் தொலைபேசியும்: பிற நாட்டுச் சட்டங்கள் சொல்வதென்ன?

வாகனம் செலுத்தும்போது கையடக்கத் தொலைபேசி பாவிப்பது எமது நாட்டிலும் குற்றம்தான். ஆனால் சில நாடுகள் ஒரு படி மேலே சென்று, புதிதாக வீதிக்கு வரும் இளைஞர்களுக்கென்று தனியான, கடுமையான விதிகளை வைத்திருக்கின்றன. அவற்றில் மூன்றை இங்கு குறிப்பிடுகிறேன்.

கலிபோர்னியா: அமெரிக்காவின் இந்த மாநிலத்தில் 16 வயதிலேயே சாரதி அனுமதிப்பத்திரம் பெறலாம். ஆனால் 2008 ஜூலை 1 முதல், 18 வயதுக்குட்பட்ட சாரதிகள் தொலைபேசியைக் கையில் எடுக்கவும் கூடாது, இயர்போன் மூலம் பேசவும் கூடாது. அவசர அழைப்புக்கு மாத்திரம் விலக்கு உண்டு.

நியூ சவுத் வேல்ஸ்: அவுஸ்திரேலியாவின் இந்த மாநிலத்தில் பழகுனர்களுக்கும், தற்காலிக அனுமதிப்பத்திரத்தின் இரண்டு கட்டங்களில் உள்ளவர்களுக்கும் தொலைபேசி முற்றாகத் தடை. வழி காட்டும் வரைபடத்திற்காகக்கூட அதைப் பாவிக்க முடியாது. முதற்கட்ட சாரதி 4 புள்ளிகளை எட்டினாலே அனுமதிப்பத்திரம் இடைநிறுத்தப்படும். தொலைபேசிக் குற்றத்திற்கோ 5 புள்ளிகள். அதாவது, ஒரு தடவை பிடிபட்டாலே போதும்.

பிரித்தானியா: இங்கு வயதை அல்ல, அனுபவத்தையே சட்டம் பார்க்கிறது. பரீட்சையில் சித்தியடைந்து இரண்டு வருடங்களுக்குள் 6 புள்ளிகள் சேர்ந்தால் அனுமதிப்பத்திரம் ரத்தாகும். எழுத்துப் பரீட்சை, செய்முறைப் பரீட்சை இரண்டையும் மீண்டும் எழுத வேண்டும். 2017 மார்ச் முதல் கையில் தொலைபேசி பாவித்தால் 200 பவுண் தண்டமும் 6 புள்ளிகளும். ஓடும் வாகனத்திலிருந்து வீடியோ எடுத்தவர் அன்றைய சட்டத்தின் சொற்களுக்குள் அகப்படவில்லை என்று 2019இல் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்த ஓட்டையும் 2022 மார்ச்சில் அடைக்கப்பட்டது. படம் எடுப்பதும், பாட்டு மாற்றுவதும் இப்போது அதே குற்றம்தான்.

இளைஞர்களுக்கு மட்டும் ஏன் இந்தக் கடுமை? பல வருடம் ஓட்டியவருக்கு கியர், பிரேக், கண்ணாடி எல்லாம் பழக்கத்தில் வந்துவிடும். புதியவர் ஒவ்வொன்றையும் யோசித்தே செய்ய வேண்டும். அந்த யோசனையில் பாதியை ஓர் அழைப்பு பறித்துக்கொள்கிறது. கை சும்மா இருந்தாலும் கவனம் சும்மா இருப்பதில்லை. மணிக்கு 60 கிலோமீற்றர் வேகத்தில் போகும் வாகனம் 3 செக்கன்களில் 50 மீற்றரைக் கடந்துவிடும். ஒரு வட்ஸ்அப் செய்தியைப் பார்க்க அவ்வளவு நேரம் தேவை.

எமது ஊர் வீதிகளில் ஹெல்மெட்டுக்குள் போனைச் செருகிப் பேசிக்கொண்டு மோட்டார் சைக்கிள் ஓடும் பிள்ளைகளை நான் தினமும் பார்க்கிறேன். அழைப்பவர் யார் என்று விசாரித்தால், பல நேரங்களில் அது வாப்பாவோ உம்மாவோதான். "எங்க இருக்காய்? இன்னும் வரல்லியா?" என்ற ஒரு கேள்விக்காகத்தான் அந்தப் பிள்ளை போனை எடுக்கிறது.

எனவே, சட்டம் இறுகும் வரை காத்திருக்காமல் பிரித்தானியாவின் அந்த இரண்டு வருட விதியை வீட்டிலேயே நடைமுறைப்படுத்தலாம் என்பது எனது கருத்து. புதிதாக அனுமதிப்பத்திரம் எடுத்த பிள்ளை இரண்டு வருடங்களுக்கு ஓட்டும்போது போனைத் தொடக்கூடாது. மீறினால் சாவி பெற்றோரிடம் திரும்ப வேண்டும். பிள்ளை வீதியில் இருக்கிறது என்று தெரிந்தால் பெற்றோரும் அழைக்கக்கூடாது. பதில் வராத பத்து நிமிடத்தைப் பொறுத்துக்கொள்ள முதலில் நாம் பழக வேண்டும்.